செங்காங்கில் ஒரு பனிமலை வண்டு

ஜூன் 11, 2024, செவ்வாய்

சிங்கப்பூர் விமான நிலையத்தின் வெளிக்கதவு திறந்ததும் இட்லிப் பானை மூடியைத் தூக்கியதுபோல் ஆவி முகத்தில் அடித்தது. காலை எட்டு மணிதான். கோத்தகிரியில் இந்நேரம் ஸ்வெட்டர் போடாமல் வாசல் தெளிக்க முடியாது.

அண்ணன் மகள் தேன்மொழி டாக்சியில் கூட்டிப்போனாள். வீடு செங்காங்கில், பன்னிரண்டாம் மாடி. போகிற வழியெல்லாம் அறிவிப்புப் பலகைகளில் நாலு மொழிகளில் ஒன்றாகத் தமிழ். மின்தூக்கி என்ற சொல்லை இங்கே பேச்சிலும் கேட்டேன். மனசு நிறைந்துபோனது.

நான் வந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, தேன்மொழியைப் பார்த்து நாலு வருஷம் ஆகிவிட்டது. இரண்டாவது ஒரு வண்டு. நார்வேயில் முதுகலை படித்தபோது அவள் பின்சே என்ற இடத்தில் பிடித்தது. ஆஸ்லோவிலிருந்து பெர்கன் போகும் ரயில் பாதையிலேயே உயரமான நிலையம் பின்சே, 1222 மீட்டர். மரமே வளராத இடம். குட்டைச் செடிகளும் பாசியும் கல்லும்தான். "ஒரு கல்லைப் புரட்டினேன் அத்தை, ஓடிச்சு, பிடிச்சுட்டேன்" என்று அன்றைக்கே எனக்கு எழுதினாள். அமாரா அல்பினா. ஸ்வீடனைச் சேர்ந்த பாய்க்குல் 1790-இல் பெயர் வைத்த இனம். தமிழில் இதற்குப் பெயர் கிடையாது. தரையில் ஓடித் திரிகிற கராபிடே குடும்பத்தை நான் வகுப்பில் தரைவண்டு என்றே சொல்லிக்கொடுத்தேன். முப்பத்தொரு வருஷம் விலங்கியல் ஆசிரியையாக இருந்தவள், இந்த ஒரு இனத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

சாயங்காலம் தேன்மொழி உலர்பெட்டியைத் திறந்தாள். இந்த ஊரில் கேமரா வைத்திருப்பவர்கள் பலரும் இப்படி ஒரு மின்சாரப் பெட்டி வாங்கி வைக்கிறார்கள், ஈரப்பதம் லென்ஸைத் தின்றுவிடும் என்பதால். உள்ளே இருந்த ஈரப்பதமானியின் முள் 80 சதவீதத்துக்கு மேல் காட்டியது. பிளக் சுவரிலிருந்து கழன்று கிடந்தது. சின்ன அட்டையில் ஒட்டியிருந்த வண்டின் மேல் வெள்ளையாகப் பஞ்சு மாதிரிப் பூஞ்சணம்.

யாரும் ஒன்றும் பேசவில்லை. தேன்மொழியின் மகன் கவின், ஒன்பது வயது, மெதுவாக எழுந்து அறைக்குள் போய்விட்டான். மூன்று வாரத்துக்கு முன்னால் மேசை விசிறிக்காக அந்தப் பிளக்கைப் பிடுங்கியது அவன். திரும்ப மாட்ட மறந்துவிட்டான். ராத்திரி நான் பக்கத்தில் படுத்ததும், "பாட்டி, அது செத்துப்போச்சா?" என்று கேட்டான். அது பத்து வருஷத்துக்கு முன்னாடியே செத்ததுதான் கண்ணு, நாம சரி பண்ணிடலாம் என்றேன். அவன் தூங்க வெகுநேரம் ஆயிற்று. எனக்கும்தான்.

ஜூன் 12, புதன்

விடியற்காலை நாலரைக்குப் பெரிய சத்தம். ஜன்னல் கதவெல்லாம் அடித்துக்கொண்டது. கடலைத் தாண்டி மேற்கிலிருந்து வருகிற இந்தப் புயல்மழைக்கு 'சுமத்ரா' என்றே இங்கே பெயராம். ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு நின்றது. எட்டு மணிக்குச் சாலை காய்ந்துவிட்டது.

இன்றைக்கு வேலை, பொருள் வாங்குவது. தேக்கா சந்தையில் காலைச் சாப்பாடு. ஒரு நெய்த் தோசையும் தே தாரிக் என்கிற ஆற்றிய பால் டீயும் சேர்த்து ஐந்தேகால் வெள்ளி. டாலரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நம்ம பணத்தில் முந்நூறு ரூபாயைத் தாண்டுகிறது. தோசை நன்றாக இருந்தது, சட்னியில் தேங்காய் தாராளம். மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பாக்கெட் தனியாகக் கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று எடுக்கப் போனேன். பக்கத்து மேசை அம்மா, "அது இடம் பிடிச்சு வச்சிருக்காங்கம்மா, நீங்க இங்க உக்காருங்க" என்று தன் பையை நகர்த்தி இடம் கொடுத்தார். பரம்பரையாக இங்கேயே இருக்கிறவர். கோத்தகிரி என்றதும், "குளிருமாமே, எப்பிடித்தான் இருக்கீங்க?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

முஸ்தபா கடையில் பாச்சை உருண்டை வாங்கினேன். மருந்துக்கடையில் 70 சதவீத ஆல்கஹால். பிராஸ் பாசா கட்டடத்தில் ஓவியப் பொருள் கடைகள் இருக்கின்றன. பூஜ்யம் நம்பர் தூரிகை ஒன்று மூன்று வெள்ளி இருபது காசு. கடைக்காரச் சீனப் பெரியவர் முடியை விரலில் வைத்து வளைத்துக் காட்டி, இதைவிட மெல்லிசு இருக்கிறது, ஆனால் உங்களுக்கு இதுதான் சரி என்று சைகையிலேயே சொன்னார். விலை அதிகமானதை எடுத்துத் தந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

ரயிலில் திரும்பும்போது நிற்க இடம் இல்லை. ஒரு கல்லூரிப் பையன் என்னைப் பார்த்ததும் எழுந்து, கதவுப் பக்கமாகப் போய் முகத்தைத் திருப்பி நின்றுகொண்டான். நன்றி சொல்லக்கூட விடவில்லை.

ராத்திரி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்துணி விரித்து, நாலு சொட்டு ஆல்கஹால் விட்டு, வண்டை அட்டையோடு உள்ளே வைத்து மூடினேன். காய்ந்த வண்டின் கால் அப்பளம் மாதிரி. ஈரத்தில் ஊறித் தளராமல் தொட்டால் நொறுங்கும்.

ஜூன் 13, வியாழன்

லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம். தேசியப் பல்கலைக்கழக வளாகத்துக்குள், 2015-இல் திறந்தது. மூன்று நீள்கழுத்து டைனோசர் எலும்புக்கூடுகள் நடுவில் நிற்கின்றன. 2015-இல் ஜூரோங் தீவுக்கு வெளியே மிதந்து வந்த எண்ணெய்த் திமிங்கலத்தின் எலும்பும் இருக்கிறது. குழந்தைகள் எல்லாம் அங்கே கூடியிருந்தார்கள். கவின் மட்டும் என் கையைப் பிடித்துப் பூச்சிகள் பகுதிக்கு இழுத்தான்.

நான் தேடியது வயலின் வண்டை. மலாயாவிலும் சுமத்ராவிலும் போர்னியோவிலும் மரத்துக் காளான்களின் அடியில் ஒட்டி வாழ்கிறது. இலை மாதிரித் தட்டையாக, ஒரு சாண் நீளத்தில் பாதி வரை இருக்கும். அதுவும் கராபிடே குடும்பம்தான், பின்சே வண்டின் உறவு. இந்தக் குடும்பத்தில் சுமார் 40,000 இனம் உண்டு. குளிர்நாட்டில் தரையெல்லாம் இவற்றின் ராஜ்யம். இங்கே மழைக்காட்டுத் தரை எறும்புகளுக்குச் சொந்தம், அதனால் இந்தப் பக்கத்துத் தரைவண்டுகள் பலவும் மரத்தில் ஏறிவிட்டன என்று பூச்சியியலாளர்கள் சொல்வதுண்டு. வயலின் வண்டு நான் பார்த்த பெட்டிகளில் அகப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு பூச்சியின் அடியிலும் இருந்த சின்னஞ்சிறு சீட்டுகளைக் கவினுக்குக் காட்டினேன். எங்கே, எப்போது, யார். அந்தச் சீட்டு இல்லை என்றால் வண்டு வெறும் வண்டுதான் என்றேன்.

மத்தியானம் வளாகத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நாசி லெமாக், நாலரை வெள்ளி. நெத்திலி வறுவல் அருமை. சம்பல் என்கிறார்களே அந்த மிளகாய் விழுது, இனிக்கவும் செய்கிறது, உறைக்கவும் செய்கிறது. இரண்டு கரண்டி கூடக் கேட்டு வாங்கினேன், காசு வாங்கவில்லை.

இனி ராத்திரிக் கதை. எட்டு மணிக்கு மேசை விளக்கை இழுத்துப் போட்டு டப்பாவைத் திறந்தோம். தூரிகையை ஆல்கஹாலில் தொட்டு, தலைப் பக்கத்திலிருந்து வாலை நோக்கித் தடவினேன். பூஞ்சணம் திரியாகத் திரண்டு வந்தது. அடியிலிருந்து வண்டு தெரியத் தொடங்கியது. சுமார் ஒரு சென்டிமீட்டர். தலையும் மார்பும் நாவல்பழக் கறுப்பு. இறக்கை உறைகள் சிவந்த பழுப்பு, அதில் நீளவாக்கில் நூல் பிடித்ததுபோல் கோடுகள். சில வண்டுகளுக்கு உறையும் கறுப்பாகவே இருக்கும். இது சிவப்பு. எத்தனையோ படங்களில் பார்த்த கோடுகள்தான், ஆனாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நீ பண்ணு" என்று தூரிகையைக் கவின் கையில் கொடுத்தேன். தேன்மொழி வேண்டாம் என்பதுபோல் பார்த்தாள். நான் விடவில்லை. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் முழுவதையும் துடைத்தான். கடைசிக் காலுக்கு வரும்போது கால் கழன்று அட்டையில் விழுந்தது. அவன் முகம் போன போக்கை எழுத எனக்கு மனசு வரவில்லை. கழன்ற காலை அட்டையிலேயே வண்டுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டுப் பசையில் ஒட்டினோம். அரும்பொருளகங்களிலும் இப்படித்தான் செய்வார்கள், எதையும் தூக்கி எறிய மாட்டார்கள் என்று சொன்ன பிறகுதான் அவன் தோள் தளர்ந்தது.

பசை காயும் வரை கதை கேட்டான். "ஐஸ்ல எப்பிடிச் சாகாம இருக்கும்?" எங்கள் ஊட்டிப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது தேயிலைக் கொழுந்து கருகிவிடும். எங்களுக்கு உதடு வெடிக்கும், கிளிசரினும் பன்னீரும் கலந்து தடவுவோம். அந்தக் கிளிசரினை உடம்புக்குள்ளேயே செய்துகொள்கிற தரைவண்டு ஒன்று அலாஸ்காவில் இருக்கிறது என்றேன். டெரோஸ்டிகஸ் பிரெவிகார்னிஸ். மக்கிய மரக்கட்டைக்குள் குளிர்காலம் கழிக்கும். மைனஸ் 35 டிகிரிக்கும் கீழே உடம்பு உறைந்து, வெயில் காலத்தில் இளகி, எழுந்து நடக்கும். வளர்ந்த பூச்சி ஒன்று இப்படி உறைந்து பிழைக்கும் என்று 1969-இல் எழுதியபோது அது புதுச் செய்தி. நார்வேயில் இன்னொன்று, பெலோஃபிலா போரியாலிஸ். ஏரிக்கரையில் பனிக்கட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டால் மூச்சுக்குக் காற்றே இருக்காது. பூஜ்யம் டிகிரியில், துளி ஆக்சிஜன் இல்லாமல் 127 நாள் உயிரோடு இருந்ததை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். கவின் மூக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். முப்பத்தொன்று வரை தாங்கினான்.

ஜூன் 14, வெள்ளி

புக்கிட் தீமா மலை. மலை என்கிறார்கள், 163 மீட்டர். தீவிலேயே உயரமான இயற்கைக் குன்று அதுதான். பியூட்டி வோர்ல்ட் நிலையத்தில் இறங்கி நடந்தோம். தார்ச்சாலை செங்குத்தாக ஏறுகிறது. மலைக்காரிதான் நான், ஆனால் இந்தப் புழுக்கத்தில் ஐம்பது அடிக்கு ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது. சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எதிரே இறங்கி வந்த சீனப் பாட்டி ஒருவர், எண்பது வயதுக்குக் குறையாது, கைக்கழி வைத்திருந்தார். என்னைப் பார்த்து நின்று, மேலே கையைக் காட்டி, இன்னும் பத்து நிமிஷம், மெதுவாகப் போ என்று சொல்லிவிட்டுப் போனார்.

1854-இல் இயற்கையியலாளர் வாலஸ் இந்தக் குன்றின் அடியில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் வீட்டில் தங்கினார். அப்போது இங்கே புலி உண்டு, புலிக்கு வெட்டிய குழிகளும் உண்டு. மரம் அறுத்துப்போட்ட இடங்களில் தேடி, சுமார் இரண்டு மாதத்தில் 700 வகை வண்டு சேர்த்தார், பெரும்பாலும் ஒரு சதுர மைலுக்குள். உச்சிப் பாறையில் உட்கார்ந்து இதை நினைத்தேன்.

அதைவிட என்னை உலுக்கியது இன்னொரு நினைப்பு. சுமார் இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னால், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. சிங்கப்பூர் தீவே கிடையாது. இந்தக் குன்றிலிருந்து நடந்தே சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் போகலாம். அதே காலத்தில், பூமியின் அந்தப் பக்கம், அமாரா அல்பினா இன்றைய அமெரிக்காவின் சமவெளிகளில், பனிப்பாறை விளிம்புக்குத் தெற்கே ஓடித்திரிந்தது.

எப்படித் தெரியும்? சேற்றிலும் செடிகள் மக்கிய சதுப்பு மண்ணிலும் காற்றுப் படாமல் புதைந்த இறக்கை உறைகள் கெடுவதில்லை. ஆய்வாளர்கள் அந்த மண்ணைச் சலித்து, மண்ணெண்ணெயில் பிசைந்து, தண்ணீர் ஊற்றுவார்கள். எண்ணெய் பற்றிய உறைகள் மேலே மிதந்து வரும். மண்ணெண்ணெய் அடுப்போடு வளர்ந்தவள் நான், இந்த முறையைப் படித்த அன்றைக்கு அந்த வாசனையே வந்தது. பிரிட்டனில் ரசல் கூப் என்ற ஆய்வாளர் இப்படி எடுத்த உறைகளை வைத்துப் பெரிய உண்மை ஒன்றைக் காட்டினார். பனியுகத்து வண்டுகள் வேறு இனங்கள் இல்லை. இன்று உயிரோடு இருக்கிற அதே இனங்கள், ஒரு கோடு, ஒரு புள்ளி மாறாமல். திபெத் பீடபூமியில் மட்டும் இன்றைக்கு இருக்கிற ஒரு சாண வண்டின் உறைகள் இங்கிலாந்து மண்ணில் கிடைத்தன. தட்பவெப்பம் மாறியபோது வண்டுகள் தங்களை மாற்றிக்கொள்ளவில்லை, இடத்தை மாற்றிக்கொண்டன.

பனி உருகியதும் அமாரா அல்பினாவும் குளிர் போன வழியே போயிற்று. பாதி வடக்கே, துருவத்தைச் சுற்றி. பாதி மேலே, மலையில். ராக்கி மலை, நியூ ஹாம்ப்ஷயரின் மவுண்ட் வாஷிங்டன், ஸ்காட்லாந்து மலைகள், நார்வே. மலைக்கு மலை இடையில் வெப்பமான பள்ளத்தாக்கு. இறங்கிக் கடக்க முடியாது. எங்கள் ஊர் வரையாடும் சோலைக்காடும் இப்படித்தானே உச்சிகளில் தனித்து நிற்கின்றன.

இறங்கும்போது ஒரு குரங்கு தேன்மொழியின் பையிலிருந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு போனது. ஈரச் சாலையில் நான் வழுக்கி உட்கார்ந்தேன், உள்ளங்கை சிராய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஒருவர் நின்று, தன் தண்ணீரைக் கொடுத்துக் கழுவச் சொல்லி, எழுந்து நடக்கும் வரை கூடவே இருந்தார்.

ஜூன் 15, சனி

கரையோரப் பூந்தோட்டத்தில் மேகக்காடு. கண்ணாடிக் கூடத்துக்குள் 35 மீட்டர் உயரச் செயற்கை மலை, மேலிருந்து அருவி. உள்ளே நுழைந்ததும் குளிர்ச்சி. 23, 24 டிகிரி இருக்கும். பெரணி, பாசி, ஆர்க்கிட், குடுவைச் செடி. ஈரப் பாசி வாசனை எங்கள் சோலைக்குள் காலை வைத்தால் வருகிற அதே வாசனை. ஐந்து நாளாக மூச்சுத் திணறியவளுக்கு நெஞ்சு விரிந்தது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அரைமணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. வெளிநாட்டவருக்கு டிக்கெட் விலை அதிகம், தேன்மொழி காட்டவே மறுத்துவிட்டாள்.

அடித்தளத்தில் ஒரு காட்சி ஓடுகிறது. பூமி ஐந்து டிகிரி சூடானால் என்ன ஆகும் என்று. எல்லாரும் நின்று பார்த்தார்கள். வெளியே வந்ததும் கவின் கேட்டான், "அஞ்சு டிகிரி கூடினா, நம்ம வண்டு எவ்வளவு மேல ஏறணும்?"

கணக்குப் போடலாம் என்றேன். ஒரு கிலோமீட்டர் ஏறினால் தோராயமாக ஆறரை டிகிரி குறையும். அவன் தேன்மொழியின் கைபேசியில் தட்டினான். ஐந்து டிகிரிக்கு 770 மீட்டர். பின்சே 1222. கூட்டினால் 1992. பின்சேக்கு மேலே நிற்கிற பனிமலையின் உச்சி 1863 மீட்டர்தான்.

"பத்தல" என்றான்.

ஸ்காட்லாந்தின் மிக உயர்ந்த சிகரம் 1345. அங்கே வண்டு இப்போதே மேல் சரிவுகளில்தான் இருக்கிறது. "பத்தல." ஊட்டி 2240, தொட்டபெட்டா 2637. எங்கள் சோலைக்கும் போட்டுப் பார்த்தான். பத்தவில்லை. நேற்று ஏறிய புக்கிட் தீமாவுக்கு ஒரு டிகிரிதான் வந்தது. "மலை முடிஞ்சுட்டா அது எங்க போகும் பாட்டி?"

வடக்கே நிலம் தொடர்கிற இடத்தில் போகும். தனி உச்சியில் இருப்பதற்கு வழி இல்லை. அதை அவனிடம் அப்படியே சொன்னேன். முப்பத்தொரு வருஷத்தில் எந்தப் பிள்ளைக்கும் நான் பொய்யான பதில் சொன்னதில்லை.

வெளியே வந்தால் 32 டிகிரி. கண்ணாடி உடனே வேர்த்து மூடிக்கொண்டது.

ஜூன் 16, ஞாயிறு

காலையில் வண்டு நன்றாகக் காய்ந்திருந்தது. உலர்பெட்டியின் முள் 43. பாச்சை உருண்டை ஒன்றைத் துணியில் முடிந்து மூலையில் வைத்தேன்.

பழைய சீட்டை எடுக்கக் கூடாது, அதன் அடியில் புதுச் சீட்டு குத்த வேண்டும். கவினே எழுதினான், கூர்ப் பென்சிலால், நாக்கைக் கடித்துக்கொண்டு: பூஞ்சணம் நீக்கியது, செங்காங், 13.6.2024. இடது பின்கால் கழன்றது. அதற்குக் கீழே தன் பெயர். 'கழன்றது' என்பதற்கு எந்த ன என்று என்னிடம் கேட்டு எழுதினான்.

ஜூன் 18, செவ்வாய், கோத்தகிரி

மலை ஏறும்போதே மூடுபனி. வீட்டுக்குள் போகாமல் பின்பக்கம் போய், தேயிலைச் செடி ஓரத்தில் கிடக்கிற பெரிய கல்லைப் புரட்டினேன். கறுப்பாக ஒன்று சரசரவென்று ஓடி வேருக்குள் நுழைந்துவிட்டது. கல்லை மெதுவாக அப்படியே வைத்தேன். கல்லின் படத்தை மட்டும் கவினுக்கு அனுப்பினேன்.

"உங்க வீடு எத்தனை மீட்டர் பாட்டி?" என்று பதில் வந்தது. சுமார் 1800 என்று போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது. "அப்ப தொட்டபெட்டா வரைக்கும் இன்னும் 837 இருக்கு."